மெழுகும் உப்பும்

மீனைக் கெடாமற் காக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. நெய்தல் நில மகளிர் மீனை வெயிலில் உலர்த்தியதும், பறவைகள் கவராமற் காத்ததும் சங்கப் பாடல்களிற் காணப்படும் செய்திகள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர் கடைகளில் விற்கப்படும் கருவாடு அம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

அண்மைக் காலத்தில் மேனாட்டுச் சமையல் வல்லுநர் சிலர் மீனைத் தேன்மெழுகிற் பொதிந்து, குளிர்ப்பெட்டியிற் பல நாள் வைத்து முதிரச் செய்கின்றனர். மெழுகே மீனைக் காக்கிறது என்று இதனைக் கேட்போர் கருதக்கூடும். அக்கருத்து பொருந்துமா என்பதை வரலாறு கொண்டு ஆராய்தல் தகும்.

கண்டி அரசனிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், இலங்கை வேடர் மரப்பொந்தில் தேனூற்றி, இறைச்சியை இட்டு, அதன் வாயைக் களிமண்ணால் அடைத்ததைக் குறிக்கிறார். ஈண்டு இறைச்சியைக் காத்தது அடைப்பன்று. அதன் நீரை ஈர்த்துக்கொண்ட தேனே. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்ட கானாங்கெளுத்தியின் கதையும் இதுவே. மலேசியத் தமிழர் கெம்போங் எனும் அம்மீனின் குடலையும் செவுளையும் நீக்கி, உப்பும் குடம்புளியும் சேர்த்து மரப்பீப்பாயில் அடைத்தனர். பீப்பாய் உறை மட்டுமே. உப்பும் புளிப்புமே காவல்.

அடைப்பை மட்டும் நம்புவதால் விளையும் கேட்டை அறிவியல் பின்னரே தெளிவாக்கிற்று. 1895-இல் பெல்ஜியத்தில் பன்றித்தொடை இறைச்சி உண்டவருள் மூவர் மாண்டனர். காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சே காரணம் என வான் எர்மெங்கெம் கண்டார். போட்டுலினம் எனப்படும் அதன் வித்துகள் கடற்சேற்றிலும் மீன்குடலிலும் உள்ளன. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகுவது. அவ்வித்துகளோ கொதிநீரையும் தாங்கவல்லன. ஆகவே உருகிய மெழுகு அவற்றை அழிப்பதில்லை. காற்றைத் தடுத்து அவற்றுக்கு இடமே அளிக்கிறது. தக்க உப்போ, புளிப்போ, உலர்ச்சியோ, 3 பாகைக்கு உட்பட்ட குளிரோ இருந்தாலன்றி அந்நுண்ணுயிரின் வளர்ச்சி தடைப்படாது.

உப்பின் அருமையைத் தமிழகக் கடலோரம் துன்பத்தாற் கற்றது. 1805-இல் சென்னை அரசு உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. விலை ஏறியதால் மீனவர் பலர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். சிலர் உப்பின்றியே உலர்த்தினர். மீன் கெட்டது, உண்ட ஏழையர் நலமும் கெட்டது. மருத்துவர் பிரான்சிஸ் டே இந்நிலையை ஆராய்ந்து 1873-இல் அறிக்கை வெளியிட்டார். வரியில்லா உப்பு வழங்கும் மீன்பதனிடு களங்கள் அப்பத்தாண்டில் தோன்றின. உப்பு வரி முற்றும் ஒழிந்தது 1947-இல்தான்.

இக்கடலோர வரலாறு உணர்த்துவது தெளிவு: மீனைக் காப்பது மேலே பூசப்படுவதன்று, உள்ளே செய்யப்படுவதே. வீட்டுக் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் 4 பாகை அளவில் இயங்குவது. ஆதலின் உப்பிடாத மீனை மெழுகிற் பொதிந்து அதிற் பல நாள் வைத்தல் இடர் தரும். வல்லுநர் கருவிகளோடு செய்வதைக் குடும்பத்தார் பின்பற்றாதிருத்தலே அறிவுடைமை.