‘பெடரல்’ என்ற சொல்லின் வேரில் ஓர் உடன்படிக்கை

“சமஷ்டி என்றால் நாட்டைப் பிரிப்பதுதானே?” தென்னிலங்கை ஊடக நண்பர்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. அரசியலமைப்பு விளக்கங்களை விட, ‘பெடரல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பே இதற்கு நேரடியான பதிலைத் தருகிறது.

‘பெடரல்’ இலத்தீன் மொழியின் ‘போய்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் உடன்படிக்கை. நம்பிக்கையையும் கொடுத்த வாக்கையும் குறிக்கும் ‘பிடெஸ்’ அதற்கு உறவுச் சொல். ரோமானியர் தம்மோடு உடன்படிக்கை செய்த மக்களை ‘போய்டெராட்டி’ என்றனர். ஆனால் எல்லா உடன்படிக்கைகளும் சமமாக இருக்கவில்லை. சிலவற்றில் ரோமின் மேலாண்மையை மற்றத் தரப்பு ஏற்க வேண்டியிருந்தது.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த இச்சொல், கிறிஸ்தவ இறையியலில் இறைவனுக்கும் மனிதருக்கும் இடையிலான உடன்படிக்கையைக் குறிக்கப் பயன்பட்டது. அரசுகளின் இணைப்பு என்ற பொருள், 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு பற்றிய விவாதங்களோடு வலுப்பெற்றது.

சுவிஸ் வாகனங்களில் ‘சிஎச்’ என்ற எழுத்துகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ‘கொன்பெடராட்சியோ ஹெல்வெட்டிக்கா’ என்ற இலத்தீன் பெயரின் சுருக்கம் அது. அங்கும் இதே வேர்தான். அந்நாட்டின் ஜேர்மன் பெயரும் சத்தியத்தால் இணைந்தவர்களின் கூட்டு என்றே பொருள்படும்.

நாங்கள் வழங்கும் ‘சமஷ்டி’ சமஸ்கிருதச் சொல். தனித்தனியானவை சேர்ந்த முழுமையை அது குறிக்கிறது. 1949இல் உருவான இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஆங்கிலத்தில் ‘பெடரல் பார்ட்டி’ என அறியப்பட்டது. தமிழ்ப் பெயரிலுள்ள ‘அரசு’ என்ற சொல் தெற்கில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2017 ஓகஸ்ட் வரை செல்ல வேண்டியிருந்தது.

சொல்லின் வேர் அதைத்தான் முன்பே சொல்கிறது. பிரிந்து போகிறவருக்கு உடன்படிக்கை தேவையில்லை. சேர்ந்து வாழ நிபந்தனை பேசுகிறவருக்கே அது தேவை.

ஆனால் உடன்படிக்கையைக் காப்பது வாக்கு. 1957இல் கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம் முழுமையான சமஷ்டியைக்கூடத் தரவில்லை. பிராந்திய சபைகளையே பேசியது. அதுவும் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. அதன் பின்னர் வந்த இழப்புகளை எங்கள் வீடுகள் அறியும். இனியொரு அரசியலமைப்பு வரைபு எங்கள் முன் வைக்கப்படும்போது, அதில் ‘சமஷ்டி’ என்ற சொல் இருக்கிறதா என்பதோடு இன்னொன்றையும் நாம் கேட்க வேண்டும்: கொடுத்த வாக்கை ஒரு தரப்பு தனியே கிழித்தெறிய முடியாதபடி அதில் என்ன காப்பு இருக்கிறது?