மரத்துப்போகும் கையும் மரபும்

நள்ளிரவில் விரல் மரத்துக் கையை உதறியெழுவோர் 37 பேரைப் பற்றி, 1880இல் பாஸ்டன் மருத்துவர் புட்னம் எழுதினார். இடம் மணிக்கட்டே என 1913இல் பிரெஞ்சு மருத்துவர் மாரியும் ஃபுவாவும் காட்டினர். இறந்த முதியவரின் கையை அறுத்துப் பார்க்க, குறுக்கே கிடந்த கட்டுநாருக்குச் சற்று மேலே நடுநரம்பு முடிச்சுப்போல் புடைத்திருந்தது! அந்நாரை முன்னரே வெட்டியிருந்தால் பெருவிரல் தசை தேய்ந்திராது என்றும் கருதினர்.

பின்னாளில் பழி பெரிதும் கைவேலைமேல் விழுந்தது. வேலைக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் தாய்க்கு வந்தது மகளுக்கும் வருவானேன்? 2002இல் பிரிட்டனில் பெண் இரட்டையரை ஆராய்ந்தோர், இந்நோய்க்கு ஆளாவதில் மனிதர்க்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபின்பாற்பட்டது எனக் கணித்தனர். 2019இல் நோயோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 16 அறியப்பட்டன. உடல் உயரத்தோடும் அவற்றுட் சில உறவுடையன; அவ்வாய்வில் நோயாளிகள் சராசரியாக 2 செ.மீ. குட்டையர்.