மார்ச் கடைசி வாரமும் மாரத்தான் ஓட்டமும்



போன மாதக் கடைசியில் லிஃப்டில் பி பிளாக் தம்பி ஒருவரைப் பார்த்தேன். காலை ஐந்தரை மணிக்கு வாட்ச்மேனை எழுப்பிக் கேட்டைத் திறக்கச் சொல்லி ஓடுகிற கோஷ்டியில் அவரும் ஒருவர். ஆகஸ்டில் ஹைதராபாத் மாரத்தான் ஓடுவதாக இருந்தார். பத்து நாளாக ஆளையே காணோமே என்று கேட்டேன்.

"ஆபீசில் இயர் எண்டிங் சார். பையனுக்குப் பரீட்சை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வேறு. பயிற்சி அட்டவணை மொத்தமும் போச்சு. இந்த வருஷம் விட்டுவிட்டேன்" என்றார். அதற்குள் நான்காவது மாடி வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பல பேருக்கும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் இந்த ஓட்டத்தின் வரலாறு கொஞ்சம். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானின் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். என் சொந்த ஊர் சீயமங்கலம். தேசூருக்குப் பக்கத்தில், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த தூணாண்டார் கோயில் இருக்கும் ஊர். எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், அந்த 40 கிலோமீட்டர் என்பது செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற தூரம். பஸ்ஸில் போனாலே ஒரு தூக்கம் போடலாம். அதை ஸ்பிரிடான் லூயிஸ் என்ற தண்ணீர் சுமப்பவர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஓடி ஜெயித்தார். இன்றைய 42.195 கிலோமீட்டர் என்ற விசித்திரக் கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று வைத்ததால் வந்த தூரம் அது. 1921இல் அதையே விதியாக்கிவிட்டார்கள்.

நம் நாட்டுக்காரர்களும் அன்றே ஓடியிருக்கிறார்கள். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெல்காமைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே 19ஆவதாக வந்தார். 1952இல் ஹெல்சிங்கியில் சூரத் சிங் மாத்தூர் 2 மணி 58 நிமிடம் 9 விநாடியில் ஓடி 52ஆம் இடம். கவனியுங்கள்: லூயிஸ் ஜெயித்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், அதைவிடக் கூடுதலான தூரத்தை ஓடியவர் 52ஆவது! உலகம் அவ்வளவு வேகமாகிவிட்டிருந்தது. 1978இல் ஜலந்தரில் ராணுவ வீரர் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்தியச் சாதனை நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. அவர் பெரும்பாலும் வெறுங்காலில் ஓடியவர். நாம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

அந்த 1952 ஹெல்சிங்கி ஓட்டத்தில் மாத்தூருக்கு முன்னால் ஓடி ஜெயித்தவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக். நெருக்கடியான வாரம் என்றால் எனக்கு அவருடைய அந்த வாரம்தான் நினைவுக்கு வரும். புறப்படும்போதே வில்லங்கம். உடன் ஓடும் யுங்விர்த் என்ற வீரரின் தகப்பனார் அரசியல் கைதி என்பதால் அவரை அனுப்ப மாட்டோம் என்றது அரசாங்கம். அவர் வராவிட்டால் நானும் வரவில்லை என்று ஜாடோபெக் விமானம் ஏறாமல் நின்றுவிட்டார். அது கம்யூனிஸ்ட் ஆட்சி. இவரோ ராணுவத்தில் இருப்பவர். பதக்கம் மட்டுமல்ல, வேலையும் விடுதலையும் போயிருக்கலாம். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. இருவரும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை 20ஆம் தேதி பத்தாயிரம் மீட்டரில் தங்கம். 22இல் ஐயாயிரம் மீட்டர் தகுதிச் சுற்று. 24இல் அதிலும் தங்கம். 27ஆம் தேதி, அதுவரை வாழ்நாளில் ஓடியே இராத மாரத்தானில் இறங்கினார். வழியில் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸைப் பார்த்து, இந்த வேகம் சரியா என்று கேட்டாராம். வேகம் போதாது என்று அவர் சொல்ல, இவர் நிஜமாகவே வேகத்தைக் கூட்டிவிட்டார். பீட்டர்ஸ் ஓட்டத்தை முடிக்கவில்லை. இவர் 2 மணி 23 நிமிடத்தில் முடித்தார். எட்டு நாளில் 62 கிலோமீட்டர் பந்தயம், மூன்று தங்கம்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே அப்படி இறங்கிவிட வேண்டாம். அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எட்டு நாளை அல்ல, அதற்கு முந்தைய பத்து வருஷத்தை. பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன் அவர். 1941இல், போர்க்காலத்தில், தொழிற்சாலைப் போட்டியில் வேண்டாவெறுப்பாக ஓடத் தொடங்கினார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தபோது பூட்ஸ் காலோடு ஓடினார், இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு ஓடினார். குளியல் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடியதாகவும் சொல்வார்கள்; துணியும் வெளுக்கும், பயிற்சியும் ஆகும். நேரம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில், கிடைத்த அளவில் ஓடினார்.

இன்னொருவர் நம் பஞ்சாபின் ஃபவுஜா சிங். ஜலந்தர் பக்கம் பியாஸ் கிராமத்து விவசாயி. 1911இல் பிறந்தவர் என்பது கணக்கு. குழந்தையில் ஐந்து வயது வரை நடக்கவே இல்லையாம். 1992இல் மனைவி போனார். இரண்டு வருஷத்தில் மகன் குல்தீப், கண்ணெதிரே விபத்தில் போனார். அதன் பிறகு லண்டனில் இன்னொரு மகன் வீட்டுக்குப் போனவர், அந்தத் துக்கத்தை மறக்கத்தான் ஓடத் தொடங்கினார். முதல் பயிற்சிக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தார் என்று அவருடைய பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். 26 மைல் என்பதை 26 கிலோமீட்டர் என்று நினைத்துப் பேர் கொடுத்துவிட்டாராம்! 2000இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது வயது 89. 2011இல் டொரோண்டோவில் நூறாவது வயதில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் பதிவு செய்யவில்லை. வவுச்சர் இல்லாமல் பணம் பாஸ் பண்ண முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. 2025 ஜூலையில், 114ஆம் வயதில், சொந்த ஊரில் கார் மோதி இறந்தார். அந்த வயதிலும் அவர் வீட்டுக்குள் முடங்கியிருக்கவில்லை.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அரசியல் பேசக்கூடாது என்பது சங்க விதி. ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். சென்னை மேயராக இருந்து பின்னர் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியவர். அலுவலாகப் போகிற ஊரிலும் காலையில் ஓடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவரைவிட நமக்கு வேலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பி பிளாக் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். மன அழுத்தம் என்று இன்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அதை மருத்துவ ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செலியே. 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக எழுதினார். குளிர், காயம், மிதமிஞ்சிய உழைப்பு என்று எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்பது அவர் கண்டது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மேனேஜர் திட்டினது, மலை ஏறினது, ராத்திரி கண் விழித்தது எல்லாமே ஒரே கணக்கில்தான் பற்று வைக்கப்படுகின்றன. ஆகவே வேலை நெரிக்கிற வாரத்தில் பழைய அட்டவணைப்படியே ஓடுவதும் தப்பு. கணக்கில் இருப்பு இல்லாமல் செக் கொடுப்பது மாதிரி. வேக ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஒரு வாரம் குறைந்தால் மாதக்கணக்கில் சேர்த்த தெம்பு கரைந்து போகாது. ஆனால் ஷூ மாட்டுகிற அந்த நேரத்தை விடாதீர்கள், இருபது நிமிடம் நடந்தாலும் சரி.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1999 மார்ச் வரை நானும் காலையில் ஆறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன். அந்த வருஷக் கணக்கு முடிப்பில் லெட்ஜர் 63 ரூபாய் வித்தியாசம் காட்டியது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். 81ஐ 18 என்று எழுதிய மகானுபாவரைத் தேடி நான்கு ராத்திரி உட்கார்ந்தோம். ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்துவோம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் பதினேழு வருஷம் நீண்டது. நடுவில் சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

திரும்ப எப்போது தொடங்கினேன் தெரியுமா? ஓய்வான நாளில் இல்லை. 2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்களே, அந்த வாரத்தில். 10ஆம் தேதி வங்கி திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. சனி, ஞாயிறும் வேலை. பென்ஷன் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத ஒரு பாட்டியின் முகம் ராத்திரி தூங்க விடவில்லை. படுத்துப் பயனில்லை என்று ஐந்து மணிக்கு எழுந்து தெருவை இரண்டு சுற்று நடந்தேன். என்னிடம் யாரும் நோட்டை நீட்டாத இருபது நிமிடம் அன்றைக்கு அது ஒன்றுதான். மறுநாளும் போனேன். ஓடுவதற்கு ஐந்து மாதம் ஆனது.

போன டிசம்பரில் சங்கச் சுற்றுலாவாகச் செஞ்சிக்குப் போனோமே, ராஜகிரி உச்சிக்கு முதல் பத்து பேரில் நானும் ஏறியதைச் செயலாளர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். முழங்கால் மூன்று நாள் வலித்தது, அதை அவர் எடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பி பிளாக் தம்பியைக் கேட் அருகே பார்த்தேன். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு வந்தாராம். மூன்று கிலோமீட்டர்தான் சார், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றார். நான் அவரோடு முதல் வளைவு வரைக்கும் ஓடினேன்.