பச்சை உடம்பும் பன்னிரண்டு ஞாயிறும்: பீர்மேட்டுத் தோட்டத் தாய்மார் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பிள்ளை பெற்றவளை நம் பக்கத்தில் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். தண்ணீரில் கை வைக்க விடமாட்டார்கள், குனிந்து ஒரு துரும்பை எடுக்க விடமாட்டார்கள். பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, காயமருந்து, வேது பிடித்துக் குளிப்பாட்டல் என்று நாற்பது நாள் கவனிப்பு. இத்தனைக்கும் அடிப்படையான ஒன்றை நாம் யோசிப்பதில்லை. வீட்டில் வேறொரு பெண்ணின் கை அவளுக்காக ஒழிந்திருக்க வேண்டும். பீர்மேட்டு மலையில் குடியேறிய நம்மவர்களுக்கு அந்த ஒன்றுதான் கிடைக்காமல் போயிற்று.

பீர்மேடு திருவிதாங்கூர் மன்னர்களின் கோடைவாசஸ்தலம். அரச குடும்பத்துப் பெண்கள் ஓய்வெடுக்க வந்த அம்மச்சிக் கொட்டாரம் இன்றும் குட்டிக்கானத்தில் நிற்கிறது. அதே மலையில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முதலில் காப்பியும், அதற்கு இலைநோய் கண்டபிறகு தேயிலையும் போட்டார்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி ஏறி வந்தவர்கள் பலர். வந்தவர்களில் பெண்கள் ஏராளம். கொழுந்து கிள்ளுவது பெண் வேலை என்று அன்றே முடிவாகிவிட்டது.

பெண்ணின் தாயும் கொழுந்துக்காரி, மாமியாரும் கொழுந்துக்காரி என்றால் பிரசவம் பார்ப்பது யார்? தாய்வீடு என்பது பல குடும்பங்களில் அடுத்த லயம்தான். மகளுக்குப் பத்தியம் வைக்க அம்மா ஒரு நாள் நின்றால் அம்மாவுக்கு அந்த நாள் கூலி இல்லை. ஆகவே வேலையிலிருந்து ஓய்ந்த பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் காலையில் எல்லோரும் பெரட்டுக்குப் போனபின், ஆளில்லாத லயத்தில் பிள்ளையும் தாயும் மட்டும். “கஞ்சி அடுப்புல இருக்கு, எடுத்துக் குடிச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சட்டம் மெல்லத்தான் மலையேறியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் லயம், ஆஸ்பத்திரி, பிள்ளைப்புரை ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. பேறுகாலப் பணமும் முதலில் அதிலேயே இருந்தது. 1961இல் வந்த பேறுகாலப் பயன் சட்டம் அதைத் தனியாக எடுத்து, தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு வாரத்துக்குச் சராசரி நாட்கூலி கொடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை தரவேண்டும். முதலாளி இலவச வைத்தியம் தராவிட்டால் மருத்துவ போனஸ் 25 ரூபாய். இதற்கெல்லாம் முந்தைய 12 மாதத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மழையில் வேலை குறைந்த ஆண்டு என்றால் அதுவே பெரிய மதில். 1988ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை 80 நாளாக்கியது.

இங்கேதான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. தோட்டத்தில் ஞாயிறு லீவு, ஆனால் கூலி கிடையாது. அப்படியானால் பன்னிரண்டு வாரம் என்பது 84 நாளா, 72 நாளா? மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட் என்ற தோட்டத்தில் ஒரு பெண் தொழிலாளி, பிரசவம் எதிர்பார்க்கிறேன் என்று நோட்டீஸ் கொடுத்து லீவில் போனார்; 1967 டிசம்பர் 16இல் பிரசவம் ஆயிற்று. நிர்வாகம் பன்னிரண்டு ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குப் பணம் கொடுத்தது. அவர் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தத் தேதிப்படி கணக்கிட்டால் கிறிஸ்துமஸும் புதுவருஷமும் தைப்பொங்கலும் அவருடைய பின் ஆறு வாரத்துக்குள்தான் விழுகின்றன. ஊரே பண்டிகை லீவில் இருந்தபோது, அவருடைய லீவிலிருந்துதான் நாள் கழிந்தது.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வழியாக உச்சநீதிமன்றம் வரை போயிற்று. நம் பீர்மேட்டு அடிவாரமும் இதில் வருகிறது. முண்டக்கயம் தோட்ட இன்ஸ்பெக்டரை எதிர்த்து மலையாளம் பிளாண்டேஷன்ஸ் நடத்திய வழக்கில், கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு ஞாயிறைக் கழிக்கலாம் என்றது. கோவை வழக்கின் முதலாளி தரப்பு அந்தத் தீர்ப்பைத்தான் டெல்லியில் பிடித்துக்கொண்டது. 1977 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் அதில் சேரும் என்றது. தாய் பிழைத்துக் கிடந்தால் போதாது. இழந்த தெம்பைத் திரும்பப் பெற வேண்டும், பிள்ளையைப் பேண வேண்டும், சட்டத்தை அந்த நோக்கில் படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நம் கிழவிகள் ‘பச்சை உடம்பு’ என்று ஒரே சொல்லில் சொன்னதை நீதிபதிகள் பல பக்கம் எழுதினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பன்னிரண்டு நாள் கூலி சின்னத் தொகைதானே என்று நினைக்க வேண்டாம். பூண்டும் கருவாடும் நல்லெண்ணெயும் மலைக்கடையில் காசுக்குத்தான் வாங்க வேண்டும். அந்தப் பணம் நேராகப் பத்தியத்துக்குப் போகும்.

ஆனால் பணத்தோடு ஓய்வு வந்துவிடவில்லை. வேலைநாளில் லயம் அமைதி, உதவிக்குத்தான் ஆள் இல்லை. பண்டிகை நாளில் ஆள் உண்டு, படுக்கத்தான் இடம் இல்லை. ஓர் அறையும் ஒரு அடுப்படியுமான வீட்டுக்குக் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் உறவுக்காரர்கள் ஏறி வருவார்கள், பிள்ளை பார்க்க. மார்கழிப் பனியில் குழந்தைக்குக் கணப்பு மூட்ட வேண்டும். அதே அடுப்பில் விருந்துச் சமையல். இருபது நாள் பிள்ளைத்தாய் மெல்ல எழுந்து வெங்காயம் உரிக்க உட்காருவாள். “உக்காந்துதானே செய்யுது” என்பார்கள். அந்த உட்கார்ந்த வேலையை நாமும் நம் வீடுகளில் வேலையாகக் கணக்கு வைப்பதில்லை, இல்லையா?

2017இல் பேறுகால லீவு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 26 வாரமும் 80 நாள் கணக்கும் அதிலும் உண்டு.

பீர்மேட்டில் மட்டும் இந்தக் கணக்கு 2000ஆம் ஆண்டிலிருந்தே பலருக்கு உடைந்துபோயிற்று. அப்போது தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டுகள் அடுத்தடுத்து மூடின. பேறுகாலப் பணம் என்பது முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலியைக் கொண்டு முதலாளி கொடுக்க வேண்டியது. கூலியும் முதலாளியும் இல்லாத லயத்தில் எதைச் சராசரி போடுவது? பெண்கள் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்குத் தினக்கூலிக்குப் போனார்கள். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொன்று. 80 நாளை எழுதிவைக்க எந்த மஸ்டரிலும் அவர்கள் பேர் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு எத்தனையாவது நாளில் மறுபடி ஜீப் ஏறுவது என்பதை வீட்டிலிருந்த அரிசிதான் தீர்மானித்தது.