சேந்தமங்கலத்து யூதர் திருமணம்

கேரளத்தில் பெரியாற்றை அடுத்துள்ள சிற்றூர் சேந்தமங்கலம். கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோவிலும் யூதர் தொழுகைக்கூடமும் அங்கே ஒன்றற்கொன்று அண்மையில் நிற்கின்றன. யூதர் கூடம் 1614ஆம் ஆண்டைச் சார்ந்ததென்பர்.

மலபார் யூதரிடையே திருமணம் இரு குடும்பத்தாரின் காரியமன்று, ஊர் விழாவாகும். கொண்டாட்டம் ஒரு வாரம் நீடிக்கும். மணமகளுக்குத் தாலியும் உண்டு. அது கேரள மண் தந்த வழக்கம். பிற நாடுகளில் சமயகுரு ஓதும் நிச்சய வாழ்த்தை இங்கே மணமகனே ஓதினான். பெண்களோ ஆடவர் கேட்க மலையாளத்தில் மணப்பாடல்கள் பாடினர். அவற்றைக் கையேடுகளில் எழுதித் தாய் மகளுக்கு அளித்தாள்.

இவ்விழாவுக்குச் சுற்றத்தார் கூட்டம் அழகு மட்டுமன்று, சமயத் தேவையுமாகும். மணமக்களுக்குரிய ஏழு வாழ்த்துகளை ஓதுவதற்குப் பத்து ஆடவரேனும் கூடியிருத்தல் வேண்டும் என்பது யூத நெறி. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. 1950களின் நடுவில் மலபார் யூதருட் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். எஞ்சியோருக்குப் பத்துப் பேரைக் கூட்டுவதே காலப்போக்கில் அரிதாயிற்று. கொச்சிப் பகுதியில் 2008ஆம் ஆண்டுக்குப் பின்னர் 2023 மே மாதத்திலேதான் மீண்டும் ஒரு யூதத் திருமணம் நிகழ்ந்தது. அதனை நடத்திவைக்கும் குருவும் இஸ்ரேலிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

எனினும் பாடல்கள் மடியவில்லை. கடல் கடந்து சென்ற கையேடுகளை அறிஞர்கள் 1970கள் முதல் தேடித் திரட்டினர். முதிய பெண்டிர் பாடக் கேட்டு ஒலிப்பதிவும் செய்தனர்.

நேயர்களே, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் உறவினர் பலரைத் தமிழகத்துக்கு வழியனுப்பிய மலையகத் தமிழருக்கு இவ்வரலாறு அயலதன்று. பன்வில போன்ற ஊர்களின் தோட்டங்களிலும் பாட்டிமார் பாடிய மணப்பாடல்கள் உண்டு. பாடுவார் உள்ளபோதே அவற்றை எழுதிவைத்தல் இளையோர் கடமையாகும்.