ஸ்பைரோமெட்ரி தரக்கட்டுப்பாடு

மூச்சை முழுவதும் உள்ளிழுத்து ஒரே வீச்சில் ஊதும்போது வெளிவரும் காற்றின் அளவையும் வேகத்தையும் கணக்கிடும் நுரையீரல் சோதனை ஸ்பைரோமெட்ரி. ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். ஆனால் ஸ்பைரோமெட்ரிக்கு நோயாளி முழு மூச்சோடு ஊத வேண்டும். அதனால் இதன் தரக்கட்டுப்பாடு கருவியோடு நிற்காமல், ஊதுபவரையும் ஊதவைப்பவரையும் சேர்த்தே கவனிக்கிறது.

லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்த கலம் கொண்ட ஸ்பைரோமீட்டரால் 2,000-க்கும் மேற்பட்டோரின் உயிர்ப்புத்திறனை, அதாவது முழு மூச்சை இழுத்தபின் வெளியேற்றக்கூடிய காற்றின் அளவை, அளந்து 1846-இல் வெளியிட்டார். அவர் மொத்தக் காற்றைத்தான் அளந்தார். 1947-இல் பிரான்சில் டிஃப்னோவும் பினெல்லியும் முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவை முன்வைத்தபின், ஊதத் தொடங்கிய கணத்தைத் துல்லியமாகக் குறிப்பதும் அவசியமாயிற்று.

பொது விதிகளுக்கு அடித்தளமிட்டது, 1977-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஸ்நோபேர்ட் பட்டறை. அதன் பரிந்துரைகளை அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 1979-இல் வெளியிட்டு, 1987, 1994 ஆண்டுகளில் திருத்தியது. 2005-இலும் 2019-இலும் ஐரோப்பிய சுவாசவியல் சங்கத்துடன் இணைந்து புதுப்பித்தது.

கருவியைச் சரிபார்க்க, 3 லிட்டர் சிரிஞ்சால் தினமும் மெதுவாகவும் வேகமாகவும் காற்று செலுத்தப்படுகிறது. அளவு 2.91 முதல் 3.09 லிட்டருக்குள் வர வேண்டும். சிரிஞ்சையும் கருவி உள்ள அறையிலேயே வைக்க வேண்டும். வெப்பநிலை வேறுபட்டால் அளவு பிசகும். சிரிஞ்ச் காட்டாத கோளாறுகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க, ஆரோக்கியமான பணியாளர் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் தாமே ஊதிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

கடினமான பகுதி ஊதலே. தயங்கித் தொடங்குவது, முதல் நொடியில் இருமுவது, உதட்டோரம் காற்று கசிவது எல்லாம் முடிவைக் கெடுக்கும். பாதியில் நிறுத்துவது இன்னும் ஆபத்தானது: மொத்த அளவு பொய்யாகக் குறைவதால், முதல் நொடி அளவு அதில் பெரும்பங்காகத் தெரியும், மூச்சுக்குழாய் அடைப்பு மறைந்துபோகும். பெரியவர்கள் 6 நொடியாவது ஊத வேண்டும் என்றது 2005 விதி. 2019 விதி நேரத்தைவிடக் கருவி வரையும் ஊதல் கோட்டின் போக்கையே முக்கியமாகப் பார்க்கிறது. கடைசி ஒரு நொடியில் கூடும் காற்று 25 மில்லிலிட்டரைத் தாண்டாவிட்டால் ஊதல் முடிந்ததாகக் கொள்ளலாம்.

ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றுள் பெரிய இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக எட்டு முயற்சிகளோடு நிறுத்திவிடுவார்கள். முதல் நொடி அளவுக்கும் மொத்த அளவுக்கும் தனித்தனியே தரக்குறியீடு இடப்படுகிறது; நான்காவது நொடியில் இருமியவரின் முதல் நொடி அளவை வீணாக்காமல் பயன்படுத்த இந்தப் பிரிப்பு உதவுகிறது.