தம்ப் பிக்

தம்ப் பிக் என்பது கித்தார் கலைஞர்கள் கட்டைவிரலில் மோதிரம்போல அணிந்து தந்திகளை மீட்டப் பயன்படுத்தும் சிறு கருவி ஆகும். இது பெரும்பாலும் நெகிழியால் செய்யப்படுகிறது. ஃபிங்கர்ஸ்டைல் எனப்படும் விரல்வழி வாசிப்பில், கட்டைவிரல் தடித்த தந்திகளில் பாஸ் சுரங்களையும், ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. இதற்குத் தம்ப் பிக் வேண்டுமா, வெறும் கட்டைவிரலே போதுமா என்பதில் கலைஞர்கள் வேறுபடுகின்றனர்.

ஒலி வேறுபாடு

விரலின் சதை அகலமானது, மென்மையானது. அது தந்தியை விடுவிக்கும்போது உயர் அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் மங்கிவிடுவதால் ஒலி கனிவாக அமைகிறது. நெகிழியின் மெல்லிய விளிம்போ தந்தியைச் சட்டென விடுவிக்கிறது. எனவே ஒலி தெளிவாகவும் உரக்கவும் எழுகிறது. மற்ற விரல்கள் வெறுமையாக இருக்கையில் இந்த உரத்த பாஸ் மெட்டை மூழ்கடித்துவிடக்கூடும். இதைத் தவிர்க்க, உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜின் அருகே தடித்த தந்திகளின் மேல் இலேசாக வைத்து அவற்றின் அதிர்வைக் குறைப்பர். அதனால் பாஸ் சுரங்கள் மத்தள அடிபோலக் குறுகி ஒலிக்கும். வெறும் விரலால் இதையே செய்தால் ஒலி பெரும்பாலும் மழுங்கிவிடுகிறது. டிராவிஸ் பாணியை வெறும் விரலால் பழகுவோர் பலருக்கு இசைத்தட்டில் கேட்ட ஒலி கிட்டாமற் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கலைஞர்கள்

அப்பாணிக்குப் பெயர் தந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவர். மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகிய உள்ளூர்க் கலைஞர்களிடமிருந்து இம்முறையைக் கற்ற அவர், பெரும்பாலும் தம்ப் பிக்கையும் சுட்டுவிரலையும் மட்டுமே பயன்படுத்தினார். அவரது வாசிப்பை வானொலியில் கேட்ட செட் அட்கின்ஸ் (1924–2001) அது ஒரே விரலின் வேலை என்பதை அறியாமல், மேலும் சில விரல்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்.

மாறாக, 1928 இல் ஓகே நிறுவனத்திற்காகப் பாடல்களைப் பதிவு செய்த மிசிசிப்பி ஜான் ஹர்ட் வெறும் விரல்களாலேயே வாசித்தார். எலிசபெத் காட்டன் இடக்கையர். வலக்கையருக்கான கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்ததால் அவரது விரல்கள் பாஸையும் கட்டைவிரல் மெட்டையும் மீட்டின. அவர் தம்ப் பிக் அணிந்திருந்தால் உரத்து ஒலித்திருப்பது மெட்டாகவே இருந்திருக்கும்!

பழகுதல்

பிக்கின் அலகு விரல் நுனிக்கு அப்பால் நீண்டிருப்பதால், வெறும் விரலுக்குப் பழகிய கை தொடக்கத்தில் தவறான தந்தியைத் தொடும். அலகும் தந்தியில் சிக்கிக்கொள்ளும். இதற்காகச் சிலர் அலகை அரத்தால் தேய்த்துக் குறுக்குகின்றனர். தளர்வாக இருந்தால் பிக் விரலில் சுழன்றுவிடும், இறுக்கமாக இருந்தால் வலிக்கும். நெகிழிப் பிக்கை வெந்நீரில் இட்டு இளக்கி விரலுக்கேற்ப வளைத்துக்கொள்வது வழக்கம். விரைவான தனிச்சுர வாசிப்பின்போது அதையே சுட்டுவிரலால் சேர்த்துப் பிடித்துச் சாதாரண பிக் போலவும் பயன்படுத்தலாம்.